படம் இல்லாமல் பதில் இல்லை

அந்த மனுஷன் அன்றைக்கு ஒரே ஒரு தடவை "முடியாது" என்று சொல்லியிருந்தால் போதும், டீச்சர். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இப்படி முழிக்க வேண்டி வந்திருக்காது. எல்லாம் அவன் செய்த வேலை. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கூடவே வேறு வார்த்தையும் சேர்ந்து வரும், நீங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் லேப்டாப்பில் எல்லாம் ஏறி முடிக்க அரை மணி நேரம் ஆகும். பழைய மெஷின், விரட்டினால் படுத்துக்கொள்ளும்.

என்ன கேட்டீர்கள்? "இந்த மைனாவுல ஏதாச்சும் சந்தேகம் வந்தா யாருகிட்டங்க கேக்கறது?" நூறு பேர் மெஷின் வாங்கினால் தொண்ணூறு பேர் வாரண்டியைக் கேட்பார்கள். நீங்கள் இதைக் கேட்டீர்கள். மூன்று மாதமாக யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்த கேள்வி.

மைனா என்பது கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிற மென்பொருள். விலை கிடையாது, முதலாளி கிடையாது. உள்வேலை முழுக்கத் திறந்தே கிடக்கும், தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஏழெட்டுப் பேர் தங்கள் வேலை போக மீதி நேரத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். அதை முதலில் எழுதியவன் அவன். சாவியெல்லாம் இன்றைக்கும் அவன் கையில்தான்.

நான் எட்டாவதோடு நின்றவன், டீச்சர். உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் மானிட்டரை உடைத்துச் செம்புக் கம்பி உருவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உடைப்பதற்கு முன்னால் சும்மா பிளக்கைச் செருகிப் பார்த்தேன். எரிந்தது. அன்றைக்குச் சுத்தியலைக் கீழே போட்டவன்தான், இன்றைக்குக் காந்திபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டது, ஏமாந்து கற்றுக்கொண்டது, ஆள் கண்ணைப் பார்த்துப் பேரம் பேசக் கற்றுக்கொண்டது.

மைனாவிடம் நான் வந்ததே ஒரு சண்டையில்தான். ஆறு வருஷம் முன்னால் ஒரு பிரஸ்காரருக்குக் கொடுத்த மெஷினில் எழுத்து உடைந்து உடைந்து வந்தது. அவர் என்னைத் திட்ட, நான் மைனாவின் மெயில் விலாசத்தைத் தேடிப் பிடித்துத் திட்டி எழுதினேன். அது ஒரு மெயில் லிஸ்ட். அதற்கு ஒருவர் எழுதினால் அதில் இருக்கிற அத்தனை பேருக்கும் போகும். தெரிந்தவர் பதில் போடுவார். அசிங்கமாகத்தான் எழுதியிருந்தேன். இரண்டு நாள் கழித்து அவன் பதில் போட்டான். பன்னிரண்டு வரி. எங்கே போக வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக. அந்தப் பன்னிரண்டு வரியில் ஒரு வார்த்தைகூட என்னை மட்டமாகப் பேசவில்லை. "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று வேறு முடித்திருந்தான். டீச்சர், என்னிடம் அதுவரைக்கும் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து என் கடையில் போகிற ஒவ்வொரு மெஷினிலும் மைனா. மெஷின் பெருகப் பெருக ஃபோனும் பெருகியது. எவன் போட்டுக் கொடுத்தானோ அவனைத்தானே கேட்பார்கள்? நான் அடி பட்டுப் படித்ததை வைத்துப் பதில் சொன்னேன். நாளாக நாளாக மைனாவுக்கு உதவி என்றாலே கோயமுத்தூர் ரங்கம் என்று ஆகிவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அப்போது உதவிக்கு நாலு வாசல் இருந்தது. ஒன்று அந்த மெயில் லிஸ்ட். இன்னொன்று வெப்சைட்டில் கேள்வி பதில் பக்கம். மூன்றாவது இஞ்சினியர்கள் மட்டும் பேசிக்கொள்கிற ஒரு அரட்டை அறை. நாலாவது பிழைகளைப் பதிகிற பட்டியல், முழுக்க இங்கிலீஷ். ஒரே ஆள் ஒரே கேள்வியை நாலு இடத்திலும் போட்டுவிட்டு, அதுவும் போதாமல் எனக்கு ஃபோன் அடிப்பான். நான் சாப்பாட்டுக் கையோடு எடுத்தால், "அங்க ஒருத்தரு வேற மாதிரி சொல்றாரே" என்பான். எனக்குக் கோபம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கடைப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவோம். அந்த வருஷம் விழுப்புரத்தில் ஒரு காலேஜ் வகுப்பறை. பன்னிரண்டு பேர். நான் எழுந்து கேட்டேன், "நாலு வாசல் எதுக்குங்க? ஒரே வாசல் போதாதா?"

"சுருக்கலாம் ரங்கம்," என்றான் அவன். "மெயில் லிஸ்ட்டை வச்சுக்கிட்டு மத்ததைக் குறைக்கலாம்."

"மெயிலெல்லாம் இந்தக் காலத்துல யாருங்க பாக்கறாங்க? மொதல்ல மூட வேண்டியதே அதைத்தான். ஒரு வாட்ஸப் குழு போதும். நான் பாத்துக்கறேன்."

"சரி, ரெண்டும் இருக்கட்டுமே. மெயிலும் வாட்ஸப்பும்."

நாலிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டான். இறங்கினவன் இன்னும் இறங்குவான், அது எனக்குத் தெரியாதா? அப்போதுதான் தில்லைக்கரசி பேசினார். அந்தக் காலேஜிலேயே வாத்தியார். ஐந்து வருஷமாக மெயில் லிஸ்ட்டில் பதில் போட்டுக்கொண்டிருந்தவர்.

"அண்ணா, அதுல இருக்கறவங்க நாப்பது பேருதான். ஆனா அவங்க வேற எங்கயும் இல்லை. ஏன் இல்லைன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு மூடுங்க."

"நாப்பது பேருக்காக நான் பத்தாயிரம் ஃபோன் எடுக்கணுமா தாயி? வேண்டாமுங்க. நீங்களே பாத்துக்குங்க. நான் கையைக் கழுவிக்கறேன்."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். கடையில் செய்கிற வித்தைதான் அது. போகிற மாதிரி இரண்டு எட்டு வைப்பது. உண்மையிலேயே போக வேண்டும் என்று நினைத்தவன் பையை அவ்வளவு மெதுவாக மாட்ட மாட்டான். அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"உட்காருங்க ரங்கம்," என்றான். "ஒண்ணே வச்சுக்கலாம்."

பாருங்கள், டீச்சர்! இதைத்தான் சொல்கிறேன். பேரம் பேசுகிறவன் கேட்கத்தான் கேட்பான். கொடுக்கக் கூடாததைக் கொடுத்தவன் பேரில்தானே தப்பு? நான் அதோடு விட்டேனா? பழைய கேள்வி பதில் அத்தனையும் வெப்சைட்டில் கிடந்தால் சனம் அங்கேயே சுற்றும், அதையும் எடுங்கள் என்றேன். அதையும் எடுத்தான். ஐந்து வருஷப் பதில்கள்.

குழு ஆரம்பித்தேன். இரண்டே விதி போட்டேன். ஒன்று, படம் இல்லாமல் பதில் இல்லை. திரையில் தெரிவதை அப்படியே படம் பிடித்து அனுப்ப வேண்டும். "ஏதோ ஆயிடுச்சு" என்று எழுதினால் நான் என்ன ஜோசியக்காரனா? இரண்டு, குரல் பதிவு கூடாது. பின்னால் குக்கர் விசில், நடுவில் குழந்தை அழுகை, ஐந்து நிமிஷம் கேட்டால் கடைசியில் "பரவாயில்லீங்க, சரியாப் போச்சு" என்பார்கள்.

பழைய மெயில் விலாசத்துக்கு யார் எழுதினாலும் தானாகப் போகிற மாதிரி ஒரு பதிலை நானே செய்தேன். மயில் நீலத்தில் ஒரு போஸ்டர். ஒரு மைனா செல்ஃபோனைக் காலில் பிடித்திருக்கும். பக்கத்தில் ஸ்கேன் பண்ணுகிற கட்டம். "வாங்க, குழுவுல கேளுங்க!" எல்லாமே படத்துக்குள். ஃபிளெக்ஸ் அடிக்கிற ராசப்பனே பார்த்துவிட்டு அசந்துபோனான்.

மூன்று மாதத்தில் தொள்ளாயிரம் பேர். படம் வரும், பார்ப்பேன், வட்டம் போட்டு அனுப்புவேன். இரண்டு நிமிஷ வேலை. "அண்ணன் ராக்கெட்" என்று ஸ்டிக்கர் போடுவார்கள்.

அப்புறம் மைனாவின் புதுப் பதிப்பு வந்தது. நீங்கள் அடிக்க ஆரம்பித்தால் கீழே ஒரு சின்னப் பெட்டி வரும், முழு வார்த்தையையும் முன்கூட்டியே காட்டும். ஒரே கொண்டாட்டம். அந்த வாரம்தான் ஜெசிந்தா குழுவில் வந்தாள்.

"வணக்கம். புதுப் பதிப்பு வந்ததிலிருந்து தமிழ் அடிக்கும்போது பேச்சு வரவில்லை. அவசரம். உதவுங்கள்."

"படம் அனுப்புங்க," என்று போட்டேன்.

"படத்தில் தெரியாதுங்க. பேச்சு நின்றுவிட்டது."

"ஸ்பீக்கரைப் பாரும்மா."

"ஸ்பீக்கர் சரியாக இருக்கிறது. இங்கிலீஷ் அடித்தால் பேசுகிறது. தமிழுக்குத்தான் இல்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் எனக்குக் கோபம் வரும். மறுநாள் நாற்பது விநாடி நீளத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். கேட்காமலே அழித்தேன். விதி விதிதானே? அதற்கு மறுநாளும் வந்தாள். அதற்கும் மறுநாள் வந்தாள். நான் "படம்" என்று ஒற்றை வார்த்தை போடுவேன். கடைசியில் ஒரு படம் வந்தது. பார்த்தால் ஒரு வக்கீல் நோட்டீஸ். நாலு வரி. எழுத்தெல்லாம் சுத்தம். ஒரு கோளாறும் இல்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? எங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையாம்மா? வெளையாட வேற எடம் பாரு," என்று எழுதிவிட்டு, தொள்ளாயிரம் பேர் பார்க்கக் குழுவிலிருந்து தூக்கினேன். சிரிக்கிற ஸ்டிக்கர் பதினேழு வந்தது. எண்ணினேனா? அப்போது இல்லை. பிறகு எண்ணினேன்.

பத்து நாள் கழித்துத் தில்லைக்கரசி ஃபோன் செய்தார். எப்போதும் கணீரென்று பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"அண்ணா, ஜெசிந்தாவை ஏன் எடுத்தீங்க?"

"எந்த ஜெசிந்தா? அந்த வெளையாட்டுக்காரியா?"

"அவளுக்குக் கண்ணு தெரியாதுண்ணா."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் வெளியே வந்து ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. பார்வை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரில் திரையை வாசித்துச் சொல்கிற ஒரு மென்பொருள் வைத்திருப்பார்களாம். ஒவ்வொரு விசையை அமுக்கும்போதும் அது என்ன எழுத்து என்று காதில் சொல்லும். அதுதான் அவர்களுக்குப் பேச்சு. புதுப் பதிப்பில் வந்த அந்தச் சின்னப் பெட்டி குறுக்கே வந்து நின்றதும் அது தமிழுக்கு ஊமையாகிவிட்டது. மைனாவின் செட்டிங்கில் போய் அந்தப் பெட்டிக்கு நேராக இருக்கிற ஒரு டிக்கை எடுத்தால் தீர்ந்தது. ஒரு டிக், டீச்சர். அந்தப் பெட்டி அவள் அனுப்பிய படத்திலேயே இருந்தது. நோட்டீசுக்குக் கீழே, பளிச்சென்று.

மெயில் லிஸ்ட்டில் இருந்த நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் அவளைப் போலத்தான். அங்கே எல்லாம் எழுத்து. படம் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. ஒன்றன் கீழ் ஒன்றாக வாசித்துக்கொண்டு போகலாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் அங்கே "எனக்குக் கண் தெரியாது" என்று யாரும் எழுத வேண்டியதே இல்லை.

"தெரிஞ்சிருந்தா நான் அப்படிச் செய்வேனாங்க?" என்று தில்லைக்கரசியிடம் கத்தினேன். "சொல்லியிருந்தா நேர்ல போயே செஞ்சு கொடுத்திருப்பேனே! யாரும் சொல்லலையே!" அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

ஜெசிந்தா நிலக்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தரை மாதம் முடிந்திருந்தது. பேச்சு நின்றதும் விரல் பழக்கத்தில் அடித்திருக்கிறாள். சரியாக வந்ததும் உண்டு, ஒரு விசை தள்ளிப்போய் முழுப் பக்கமும் கந்தலானதும் உண்டு. எது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கோர்ட்டுக்குப் போன ஒரு மனு திரும்பி வந்திருக்கிறது. வக்கீல் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரியானதும் வாம்மா," என்று அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

நான் போனேன், டீச்சர். ஒரு நல்ல லேப்டாப்பாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவள் வீடு இருக்கிற வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறிப் போனேன். அவள் அண்ணன்தான் கதவைத் திறந்தான். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவன், கையெல்லாம் மெழுகு. பேரைச் சொன்னேன்.

"ஓ, நீங்கதானா அந்த அட்மின்?" என்று ஏற இறங்கப் பார்த்தான். "ஆளு பெருசா இருப்பீங்கன்னு நெனச்சேன்." உள்ளே திரும்பி, "ஜெசி, ஒன்னைத் தூக்கிவிட்ட மவராசன் வந்திருக்காரு," என்றான்.

"சும்மா இருண்ணே. உள்ள வாங்க சார்," என்றாள் அவள். முப்பது வயசு இருக்கும். காபி கொடுத்தார்கள். லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்து, "இது உனக்குத்தாம்மா. புதுசு மாதிரி. பேட்டரிகூட மாத்தியிருக்கேன்," என்றேன்.

"மிஷினு எங்கிட்ட இருக்கு சார். அது நல்லாத்தான் இருந்துச்சு."

பேரம் பேசத் தெரிந்தவனுக்கு எதிராளி ஒன்றுமே கேட்காவிட்டால் கை ஒடிந்த மாதிரி. என்ன கேட்பாள் என்று பஸ்ஸில் யோசித்து வைத்த பதில் எதற்கும் வேலை இல்லை. "நீ ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவள் ஃபோனை எடுத்தாள். "குழு எனக்கு எப்பிடிக் கேக்கும்னு காட்டவா சார்? என்னைத் தூக்குனதுக்கு முன்னாடி வந்தது அப்பிடியே இருக்கு." விரலால் தள்ளினாள். ஃபோன் பேச ஆரம்பித்தது. "படம். படம். ஸ்டிக்கர். படம். காலை வணக்கம் படம். படம்." ஒரே குரல், ஏற்ற இறக்கமே கிடையாது. நான் வட்டம் போட்டு அனுப்பிய பதில் அத்தனையும் அதற்கு "படம்". நடுவில் அவள் எழுதியது வந்தது. "ஐயா, நான் திரையைப் பார்த்து வேலை செய்பவள் இல்லை. எனக்குக் கண் தெரியாது. வாசிப்பான் பேசினால்தான் அடிக்க முடியும்." அதற்குக் கீழே என் பதில். அதே குரலில். "படம்." இது என் படம் இல்லை, டீச்சர். நான் எழுதிய வார்த்தை.

அவள் சொல்லியிருந்தாள். மூன்றாம் நாளே சொல்லியிருந்தாள்.

நான் அதைப் பார்க்கவில்லை என்றுதான் தில்லைக்கரசியிடம் சொன்னேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். உங்களிடமும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். பார்த்தேன், டீச்சர். படித்தேன். கடைக்கு வருகிறவர்கள் விலையைக் குறைக்க ஆயிரம் கதை சொல்வார்கள், அப்பாவுக்கு ஆபரேஷன், தங்கைக்குக் கல்யாணம் என்று. அந்த மாதிரி ஒன்று என்று நினைத்தேன். கண் தெரியாதவள் எப்படி டைப் அடிப்பாள், எப்படி வாட்ஸப்பில் வருவாள், யாரிடம் விடுகிறாள் கதை என்று நினைத்தேன். அதனால்தான் அடுத்த நாளும் "படம்" என்று போட்டேன். வேண்டுமென்றே போட்டேன்.

ஃபோன் நிற்காமல் அடுத்ததையும் வாசித்தது. "எங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையாம்மா. வெளையாட வேற எடம் பாரு." நான் எழுதும்போது சூடாக இருந்த வார்த்தை. அது சொல்லும்போது சூடே இல்லை. அண்ணன்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேணும் சொல்லும்மா," என்றேன். "என்ன வேணாலும்."

"பழைய மெயிலைத் திறந்து விடுங்க சார். பழைய பதிலையும் போட்டு விடுங்க. எனக்குத் தில்லைக்கரசி மேடம் சொல்லிக் குடுத்துட்டாங்க. ஆனா எங்க ஆளுக இன்னும் முப்பத்தி நாலு பேரு இருக்காங்க. பாதிப் பேருக்கு அந்த மெயில் ஏன் பதில் போட மாட்டேங்குதுன்னே தெரியாது. எழுதுனா ஒரு படம் வருதாம்."

என் மயில் நீலப் போஸ்டர்.

"அப்புறம், முடிஞ்சா," என்றாள், "நான் வெளையாடலைன்னு அந்தக் குழுவுல ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க வக்கீல் சாரோட குமாஸ்தா அதுல இருக்காரு. அவரு அதைப் படிச்சுட்டுத்தான் நான் வெளையாடறேன்னு ஆபீஸ்ல சொன்னாரு."

லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே அவனுக்கு எழுதினேன், மெயிலைத் திற என்று. அவன் என்ன பதில் போட்டான் தெரியுமா? இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது மாற்ற வேண்டும் என்று கொண்டுவந்தவர்தான் அதைத் திருப்பி மாற்றவும் எழுத வேண்டும். எல்லாரும் படிக்கிற இடத்தில், என்ன நடந்தது, ஏன் மாற்றுகிறோம் என்று காரணத்தோடு, பேர் போட்டு. "நீங்கள் எழுதுங்கள் ரங்கம், அன்றைக்கே திறந்துவிடுகிறேன்," என்கிறான். மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் அதையேதான் சொல்கிறான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! முப்பத்தைந்து பேர் காத்துக்கிடக்கிறார்கள், இவனுக்கு என் காகிதம் வேண்டுமாம்.

நான் எழுத உட்காராமல் இல்லை. காரணம் என்கிற இடம் வரைக்கும் வருவேன். அங்கே வந்ததும் யாராவது கடைக்கு வந்துவிடுவார்கள். விதியை எடுத்துவிட்டேன், இப்போது படம் இல்லாமலும் பதில் சொல்கிறேன். ஆனால் ஏன் எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள். "நீங்களே ரெண்டு வரி எழுதிப் போடலாமே" என்றுதானே கேட்கிறீர்கள்? தொள்ளாயிரம் பேர், டீச்சர். அதில் முக்கால்வாசி என் வாடிக்கையாளர்கள்.

முடிந்தது, ஏறிவிட்டது. இதோ திறக்கிறேன், பாருங்கள், மைனா வந்துவிட்டது. நீங்கள் அடித்துப் பழக வேண்டும் என்றீர்களே, ஒரு உதவி செய்யுங்கள். நான் எழுதினால் திட்டாகவே வருகிறது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் நல்ல தமிழில் அடியுங்கள். அவனுக்குத்தான். இந்த விலாசம்.

ஐயா என்று ஆரம்பியுங்கள். "ஐயா, நீங்கள் படித்தவர். எட்டாவது படித்த ஒருவன் பையைத் தோளில் மாட்டினான் என்பதற்காக நாற்பது பேரின் வாசலை அடைத்தீர்கள். அதை உடனே திறக்க வேண்டும். ஐந்து வருஷப் பதில்களையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். படமாகப் போகிற அந்தப் பதிலை எடுத்துவிட்டு, வாசிக்கிற மாதிரி எழுத்தில் போட வேண்டும்."

கீழே என் பேரா? வேண்டாம். "ஒரு பயனர்" என்று போடுங்கள். அவனுக்குத் தெரியும்.

இருங்கள், மூடாதீர்கள், இன்னும் இருக்கிறது. "ஜெசிந்தா என்கிற பெண் விளையாடவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதைக் குழுவில், தொள்ளாயிரம் பேர் முன்னால், அந்தக் குமாஸ்தாவும் படிக்கிற மாதிரி, பேர் போட்டுச் சொல்ல வேண்டும். இனியும் தள்ளிப்போடக் கூடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அடித்தாயிற்றா? கடைசி வரியை ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள்.